இடம்புரிச் சடை

என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அழுகை அப்புறம்தான் வரும். அவள் என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. நாங்கள் கீழ்வீடு, அவள் மாடி. இருபத்தாறு வருஷம் ஒரே மாடிப்படியை ஏறி இறங்கியிருக்கிறோம். அதில் பாதி சண்டை, பாதி சமாதானம். நான் வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். அவள் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கே கேட்காது. ஆனால் பிடிவாதம் என்று வந்துவிட்டால் அவள் கால் தூசிக்குக்கூட நான் ஈடாக மாட்டேன்.

அவள் வீட்டிலேயே சடை செய்துகொண்டிருந்தாள். இப்படிச் சொன்னால் எல்லாரும், "யாருக்குச் சடை பின்னுறா?" என்றுதான் கேட்பார்கள். பின்னுவதில்லை, செய்வது. பாட்டுக் குழுக்களில் ஆடுகிற பிள்ளைகளும் மேடையில் நடிக்கிறவர்களும் தலை நிறையக் கயிறு கயிறாகத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார்களே, அந்தச் சடைமுடி. தலையில் வளர்ந்தது என்றுதான் நாம் நினைப்போம். பாதிப் பேருக்கு அது நைலான் முடி. அதை யாரோ ஒருத்தி, ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொன்றாக முறுக்கியிருப்பாள். எங்கள் தெருவில் அந்த ஒருத்தி இவள்.

வேலை எப்படி என்றால், பாக்கெட்டில் வருகிற முடியை முதலில் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப் போட வேண்டும். அப்படியே தலையில் ஏற்றினால் அரிப்பெடுத்து மண்டை புண்ணாகிவிடும். அப்புறம் மொட்டைமாடிக் கொடியில் காயப்போட வேண்டும். முதல் தடவை அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, நாங்கள் யாரையோ மொட்டை அடித்துவிட்டோம் என்று அலறியே விட்டாள். காய்ந்த முடியில் ஒரு கற்றை எடுத்து, நடுவில் கட்டி, படுக்கையறைக் கதவின் பின்னால் இருக்கும் கொக்கியில் மாட்டினால் இரண்டு பக்கமும் இரண்டு வால் தொங்கும். பேன் சீப்பால் கீழிருந்து மேலாகச் சீவிச் சீவிச் சிக்காக்க வேண்டும். ஊரெல்லாம் சிக்கெடுக்கச் சீப்பு வாங்குகிறது, இவள் சிக்குப் போடச் சீப்பு வாங்குவாள். சிக்கு விழுந்ததும் ஸ்டீமரின் ஆவியில் காட்டியபடியே முறுக்கி, ஆறும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அது லேசில் அவிழாது. முறுக்கி முடித்த ஒன்றுக்குப் பெயர் புரி. ஒரு தலைக்கு அறுபது புரி. தலையில் இருக்கிற சொந்த முடியை ஒவ்வொரு புரியின் நடுவிலும் சேர்த்துப் பின்னி ஏற்றுவார்கள். அதற்குச் சொந்த முடி குறைந்தது நாலு விரல் நீளமாவது இருக்க வேண்டும்.

இந்த வேலையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்றால், யாருமில்லை. இது அவள் மகளின் வேலை.

மகள் பிறந்து ஒன்பது வருஷத்தில் என் கொழுந்தன் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அம்மாவும் பெண்ணும்தான் மாடியில். இரண்டு பேருக்கும் இடக்கைப் பழக்கம். சாப்பிட உட்கார்ந்தால் எங்கள் எல்லாருடைய முழங்கையிலும் இடிப்பார்கள். அந்தப் பெண் சும்மா இருக்காது. கிண்ணம், மேசை, என் முதுகு, எது கிடைத்தாலும் தாளம் போடும். பெரியவளானதும் ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிக்கப் போனாள். போனவள் தலையில் சிவப்புச் சடையோடு வந்து நின்றாள். அவளே செய்தது. கதவில் கொக்கி அடித்ததும் அவள்தான். சிநேகிதிகளுக்கும் செய்து கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாக்காரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"தலையா இது? பார்க்கிறவன் என்ன நினைப்பான்?" என்று ஆரம்பித்தால், "பார்க்கிறவன் பார்த்துட்டுப் போறான்மா" என்று அது பதில் சொல்லும். தினமும் இதே கச்சேரி. கடைசியில் ஒரு கம்பெனியில் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது, திங்கட்கிழமை காலை. சடையை அவிழ்த்துவிட்டுப் போ என்று அம்மா ஒரு வாரம் கெஞ்சினாள். பெண் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவள் கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, உங்க கத்தரிக்கோலைக் கொஞ்சம் கொடுங்க."

நான் தையல்காரி. என் கத்தரிக்கோலை யாருக்கும் தர மாட்டேன். "எதுக்குடி?" என்றேன்.

"ஜன்னல் திரை வெட்டணும்."

கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன், நிமிரவே இல்லை. பெண் சாப்பிட்டுவிட்டு நல்ல தூக்கத்தில் இருந்திருக்கிறாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறாள். பதினொன்று வெட்டியதும் அவள் விழித்துக்கொண்டாள். சடைக்குள்ளே அவளுடைய சொந்த முடியும் பின்னியிருந்ததே, அதுவும் அடியோடு போயிற்று. எழுந்து கண்ணாடியில் பார்த்தாள். எடுத்துக்கொண்டது ஒரு பை, இரண்டு டிரம்ஸ் குச்சி, அவ்வளவுதான். மாடிப்படியில் இறங்கும்போது என்னைப் பார்த்து, "போய்ட்டு வரேன் பெரியம்மா" என்றாள். போய்ட்டு வரேன் என்றாளே, சாயங்காலம் வந்துவிடும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொக்கியில் ஒரு புரி பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாதுளைத் தோல் நிறம். ஒரு வால் முறுக்கி முடிந்திருந்தது, இன்னொரு வால் வெறும் முடியாக இருந்தது. ஒன்பது நாள் அது அப்படியே தொங்கியது. அந்த அறைக்குள் இவள் போகவே இல்லை. பத்தாம் நாள் நான் மேலே போனபோது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையில் பேன் சீப்போடு, மகளுடைய கம்ப்யூட்டரில் ஓடிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி பட்டு விரலெல்லாம் சிவந்திருந்தது.

"என்னடி பண்றே?" என்றேன்.

"பாதியில விட்டுட்டுப் போய்ட்டா அக்கா. முடிச்சு வைக்கிறேன்."

அப்படித்தான் அவளுக்கு இந்த வேலை வந்தது. மகளிடம் சொல்லி வைத்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டினார்கள். இல்லை என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. முதலில் செய்தது துடைப்பம் மாதிரி இருந்தது. ஆறு மாதத்தில் கை தேறிவிட்டது. வந்த பிள்ளைகளிடம், "உன் சடையை உங்கம்மா ஒண்ணும் சொல்லலையா?" என்று தவறாமல் கேட்பாள். சொல்லவில்லை என்றால் தலையைக் குனிந்துகொள்வாள். திட்டினார்கள் என்றால், "திட்டுறதோட விட்டாங்களா, சரி" என்பாள்.

முழங்கால் வலி வந்து நான் தையல் கடையை மூடியதும், கடையிலிருந்த ஸ்டீமரோடு நானும் அந்த வேலைக்குள் போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் எங்களுக்குள் ஒரு தகராறு. நான் வலக்கை, அவள் இடக்கை. நான் முறுக்கினால் வலம்புரி, அவள் முறுக்கினால் இடம்புரி. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு தடவை அவசரத்துக்கு அவளுடைய ஐம்பதோடு என்னுடைய பத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் போனவன் பைக் ஓட்டுகிற ஒரு பையன். ஏற்கெனவே ஒரு தடவை, சடை போட்ட பிறகு ஹெல்மெட் தலைக்குள் போகவில்லை என்று எங்களிடம் பஞ்சாயத்துக்கு வந்தவன். ஒரே மாதத்தில் மறுபடி வந்து நின்றான். புரி தளர்ந்தால் உள்ளங்கையில் வைத்து உருட்டி இறுக்கிக்கொள்ள வேண்டும், இடப்பக்கமாக உருட்டு என்று அவனுக்கு இவள் சொல்லி அனுப்பியிருந்தாள். அவனும் சொன்னபடி எல்லாவற்றையும் இடப்பக்கமாகவே உருட்டியிருக்கிறான். அவள் செய்தது இறுகிற்று. என்னுடைய பத்தும் அவிழ்ந்து, தேங்காய் நார் மாதிரி நின்றது.

அவன் போனதும், எனக்கே கேட்காத குரலில் சொன்னாள்: "ஒரு தலைக்கு ஒரே கைதான் அக்கா."

"பத்துதானே, பெருசா என்ன?" என்று நான் கத்தினேன். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் செய்கிற தலை வேறு, அவள் செய்கிற தலை வேறு.

மற்றவர்களுக்கு அவள் நாளுக்கு இருபது புரிகூட முடிப்பாள். ஒரு தலைக்கு மட்டும் மாதத்துக்கு ஒன்று. பெண் வீட்டை விட்டுப் போன தேதியில், காலையில் குளித்துவிட்டு, அந்த மாதுளைத் தோல் நிறத்தில் ஒரு கற்றை எடுத்துக் கொக்கியில் மாட்டுவாள். அன்றைக்கு வேறு வேலை தொட மாட்டாள். மகள் பாதியில் விட்டு இவள் முடித்து வைத்ததுதான் அதில் முதல் புரி. அலமாரியில் ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு வைத்திருந்தாள்.

"மாசத்துக்கு ஒண்ணுன்னா அறுபதுக்கு அஞ்சு வருஷம்டி. அதுக்குள்ள உன் பொண்ணுக்கு நரைச்சுடும்" என்றேன்.

"அவசரத்துல வெட்டினேன் அக்கா. நிதானமா கட்டுறேன்."

என்னிடம் வேறொரு சங்கதி இருந்தது. பெண் போன ஆறாம் மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. "பெரியம்மா, நான்தான். அம்மாகிட்ட சொல்லக் கூடாது. சொன்னீங்கன்னா இந்த நம்பரையும் மாத்திடுவேன்" என்றாள். அதிலிருந்து மாதம் ஒரு தடவை கூப்பிடுவாள். முகம் காட்டிப் பேச மாட்டாள், குரல் மட்டும்தான். மாடிப்படிக்கு அடியில் நின்று ரகசியமாகப் பேசுவேன். கடைசியில், "அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்பாள். அம்மா என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டாள். மேலே ஒருத்தி தலையணை உறையை நிரப்பிக்கொண்டிருக்கிறாள், கீழே நான் இந்தப் பக்கமும் சொல்லாமல் அந்தப் பக்கமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயாடி என்று பேரெடுத்தவள் நான். பேச வேண்டிய இடத்தில் மட்டும் ஊமையாகிவிட்டேன்.

முப்பத்தெட்டு புரி ஆயிற்று. முப்பத்தொன்பதாவதற்கு உரிய நாளில், காலை பத்து மணி இருக்கும், வினிகர் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். ஸ்டீமர் தண்ணீர் வற்றி இரைந்துகொண்டிருந்தது. கொக்கியில் கற்றை மாட்டியிருந்தது, சீப்புப் படவில்லை. அவள் கதவுக்கு அடியில் தரையில் உட்கார்ந்து தன் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீப்பு கீழே கிடந்தது.

"அக்கா, இது என் கையா பாருங்க" என்றாள்.

பக்கவாதம். பத்து நாள் ஆஸ்பத்திரி. பேச்சு கொஞ்சம் குழறி, பிறகு சரியாகிவிட்டது. கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. இடக்கை மட்டும் வரவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் சொல்லாதீங்க அக்கா. பாவம்னு யாரும் என்னைப் பார்க்க வரக் கூடாது" என்றாள். யாருக்கும் என்றால் யாருக்கு என்று எனக்குத் தெரியும். தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் வலக்கையால் முயற்சி செய்தாள். புரியின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுநுனியைத் தொடையில் வைத்து உருட்டினாள். உதடு ஆவியில் வெந்துபோயிற்று. எனக்குத் தாங்கவில்லை.

"விடுடி! இருபத்திரண்டுதானே பாக்கி, நான் செஞ்சு தரேன்."

"வேண்டாம். அவ தலையில இன்னொரு கை வேண்டாம்."

"என் கைக்கு என்னடி கேடு?"

"உங்க கைக்கு ஒண்ணும் இல்ல. வெட்டினது என் கை. கட்டுறதும் என் கையாத்தான் இருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு, மடியில் கிடந்த இடக்கையை வலக்கையால் எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். நான் கீழே இறங்கி வந்து சமையலறையில் நின்று அழுதேன்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். அவள் தூங்கும்போது அலமாரியிலிருந்து அந்தச் சிவப்பு முடியை எடுத்து வந்து, என் வீட்டுச் சமையலறைக் கதவில் ஒரு கொக்கி அடித்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "மேல ஒரு கொக்கி, கீழ ஒரு கொக்கி. குடும்பத்தோட மீன் பிடிக்கப் போறோமா?" என்றார். நான் முறைத்த முறைப்பில் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். எப்படியாவது இடம்புரியாக முறுக்கக் கற்றுக்கொண்டு, அறுபதையும் முடித்து, பிறகு பெண்ணைக் கூப்பிடுவது. இதுதான் என் திட்டம். பாவப்பட்டு வராமல், அம்மா செய்து வைத்த சடையைப் பார்க்க ஆசையாக வரட்டும் என்று நினைத்தேன்.

ஐம்பது வருஷம் வலக்கையால் ஊசி பிடித்தவளுக்கு இடக்கை சொன்னபடி கேட்குமா? இரண்டு நாள் பார்த்துவிட்டு, பெரிய புத்திசாலி மாதிரி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கதவுக்கு எதிரில் நிறுத்தினேன். கண்ணாடியில் என் வலக்கை இடக்கையாகத் தெரிந்தது. முறுக்கு அச்சு அசலாக அவள் போடுகிற முறுக்கு. அடடா, இவ்வளவுதானா என்று கண்ணாடியைப் பார்த்தபடியே ஏழு புரி முடித்தேன். ஆறியதும் கையில் எடுத்துப் பார்த்தால் ஏழும் வலம்புரி. கண்ணாடிதான் அதை இடமாகக் காட்டியிருக்கிறது. ஆவி பட்ட முடியை அவிழ்த்துத் திரும்ப முறுக்க முடியாது. ஏழு புரிக்கான முடி வீண். மிச்சம் இருந்தது போதவில்லை. அதே நிறம் தேடிக் கடை கடையாக அலைந்தேன். கடைசிக் கடைக்காரன், "ரெண்டு வாரத்துல சரக்கு வரும்மா" என்றான். சரி, வரட்டும் என்று காத்திருந்தேன். ஆமாம், காத்திருந்தேன்.

அந்த நாட்களில் பெண்ணிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது.

"அவங்க எப்படி இருக்காங்க பெரியம்மா?"

"அவளுக்கென்ன, நல்லா இருக்கா."

இரண்டு தடவையும் இதையேதான் சொன்னேன். ஒரு தடவை சமையலறையில் ஸ்டீமரை நிறுத்திவிட்டு வந்து சொன்னேன். இன்னொரு தடவை கையில் பாதிப் புரியைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

சரக்கு வந்தது. கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிட்டு, வலக்கையை முந்தானையால் இடுப்போடு கட்டிப் போட்டு முதலில் இடக்கையைப் பழக்கினேன். பழகியதும் வலக்கைக்கு ஸ்டீமரைப் பிடிக்கிற வேலை மட்டும்தான். விரல்கள் கொப்புளித்தன. முதல் இரண்டையும் தூக்கிப் போட்டேன், மூன்றாவது ஏதோ பரவாயில்லை. ஒன்பதாவது வாரம் இருபத்திரண்டும் முடிந்தது. அவள் தூங்கும்போது எடுத்து வந்திருந்த அந்தத் தலையணை உறைக்குள் அறுபதையும் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்து, பயிற்சிக்குக் கொடுத்த பந்தை, அசையாத இடக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாடி. நீ எப்பவோ அறுபதையும் முடிச்சு வச்சிருக்க. உனக்குத்தான் மறந்துபோச்சு" என்றேன். பொய் சொல்லும்போதுகூட எனக்குக் குரல் உரக்கத்தான் வரும்.

அவள் உறையை மடியில் கவிழ்த்தாள். வலக்கை விரலால் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள். நாலாவதோ ஐந்தாவதோ, அதில் விரல் நின்றது. இன்னொரு தடவை தடவினாள். அப்புறம் அவள் சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணி வந்த சிரிப்பு.

"இதுல கோவம் இருக்கு அக்கா. நீங்க எதைச் செஞ்சாலும் கோவமாத்தான் செய்வீங்க."

நான் கொப்புளம் வந்த இடக்கையைப் புடவைக்குள் மறைத்தேன். அவள் அதை இழுத்து விரித்துப் பார்த்தாள். என் கையில் அவள் கண்ணீர் விழுந்து கொப்புளத்தில் எரிந்தது.

"இடக்கையால செஞ்சீங்களா?"

"வேற என்ன பண்றது, உன் பிடிவாதத்துக்கு?"

"சரி. இது போதும். இப்பக் கூப்பிடுங்க அவளை."

"யாரை?"

"மாசாமாசம் படிக்கு அடியில நின்னு யார்கிட்ட பேசுறீங்கன்னு எனக்குத் தெரியாதா? மூணு வருஷமாத் தெரியும்."

எனக்கு வந்த கோபத்தில் கட்டிலை உதைத்துவிட்டேன். "தெரிஞ்சுமாடி கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நம்பரைக் கொடுத்திருப்பேனே!"

"வெறுங்கையோட எப்படி அக்கா கூப்பிடுறது?" என்றாள்.

அன்றைக்கே கூப்பிட்டேன். திங்கட்கிழமை அது. எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன இரண்டு பொய்யையும் சேர்த்து. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இங்க வெள்ளிக்கிழமை ஒரு நிகழ்ச்சி இருக்கு. முடிச்சதும் கிளம்பிச் சனிக்கிழமை காலையில வந்துடுறேன்" என்றாள். ஒரு நிமிஷம் கழித்து, "அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். அம்மா என்றாள். நான் மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினேன், என் முழங்காலுக்கு அது வேறு.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் அவளாகவே இல்லை. செவ்வாய்க்கிழமை படுக்கை உறையை மாற்றச் சொன்னாள். புதன்கிழமை அலமாரியில் இருந்த மகளுடைய துணிகளை வெயிலில் போடச் சொன்னாள். "வந்ததும் நானே ஏத்தி விடணும்னு ஆசை. ஒரு கையால முடியாது. நீங்க பின்னுங்க, நான் எடுத்து எடுத்துக் கொடுக்கிறேன்" என்றாள். "ஒரு தலைக்கு ரெண்டு கை ஆகுமேடி?" என்று சீண்டினேன். "போகட்டும், விடுங்க" என்றாள். வியாழக்கிழமை மத்தியானம் பக்கவாதம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உடனே போன் போட்டேன். பெண் நிகழ்ச்சியை விட்டுவிட்டு, கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறி, வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். வாசலில் நின்றவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையில் முடி இல்லை. ஒட்ட வெட்டியிருந்தாள். அரை விரல் நீளம்கூட இருக்காது.

"என்னடி இது? எப்ப வெட்டினே?" என்றேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? என் வாயில் அதுதான் வந்தது.

"அன்னிலேர்ந்தே இப்படித்தான் பெரியம்மா. யாரும் வெட்ட முடியாத மாதிரி நானே வெட்டிக்கிட்டேன்."

மூன்றேகால் வருஷம் மாதம் ஒன்றாக ஒருத்தி, ஒன்பது வாரம் விரல் வேக ஒருத்தி. ஏற்றுவதற்குத் தலையில் முடி இருக்கிறதா என்று இரண்டு பேரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானாவது கேட்டிருக்கலாம், மாதாமாதம் பேசியவள் நான்தானே.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன மறுநாள், தலையணை உறையைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். கதவுக்கு அடியில், அவள் அம்மா அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டினாள். அவளும் அப்படியேதான், ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். தடவித் தடவி ஒன்றை வலப்பக்கம் வைத்தாள், ஒன்றை இடப்பக்கம் வைத்தாள். நான் எண்ணிப் பார்த்தேன். வலப்பக்கம் இருபத்திரண்டு.

"இது உங்க கைதானே பெரியம்மா?"

"ஆமாம்."

"இதை முடிக்கத்தான் என்கிட்ட சொல்லாம இருந்தீங்களா?"

"ஆமாம்டி" என்றேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

இடப்பக்கம் முப்பத்தேழு. கையில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தடவினாள். ஒரு வால் ஒரு மாதிரி, இன்னொரு வால் வேறு மாதிரி.

"இந்தப் பாதி நான் செஞ்சது" என்றாள்.

"ஆமாம். மீதிப் பாதி அவ செஞ்சது. அவ செஞ்சதுலயே அதுதான் முதல்."

"எப்பச் செஞ்சாங்க?"

"நீ போன பத்தாம் நாள்."

அவள் அந்தப் புரியை முகத்தோடு வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. அந்த மொட்டைத் தலையில் கை வைத்தேன், என் கொப்புளம் பட்ட கையில் முடி குத்திற்று.

"நீங்க என்கிட்ட பேசுறது தெரிஞ்சப்பவே அம்மா கூப்பிட்டிருக்கலாமே பெரியம்மா. ஏன் கூப்பிடல?"

"வெறுங்கையோட எப்படிக் கூப்பிடுறதுன்னு இருந்தாம்மா."

அவள் நிமிர்ந்து அந்த ஒரு புரியை என் முன்னால் நீட்டினாள்.

"எங்க வெறுங்கை? இது இருந்துச்சே" என்றாள்.